லொத், செலே பள்ளத்தாக்குகளில் கிராவல் சைக்கிள்: மேலே பாதை, கீழே தண்ணீர்

கேள்வி இதுதான்: தென்மேற்குப் பிரான்ஸில் காவோர் நகரத்தில் கிளம்பி, லொத், செலே ஆறுகளின் பள்ளத்தாக்குகளையும் பழைய கிராமங்களையும் சுற்றிக்கொண்டு ஐந்து நாளில் திரும்ப வேண்டும். மாதம் செப்டம்பர். கையில் இருப்பது 38 மி.மீ. அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள், அதாவது தார்ச்சாலையிலும் ஜல்லிப்பாதையிலும் ஓடும் சைக்கிள். யாத்ரீகர் நடைபாதையின் ஜி.பி.எக்ஸ். கோப்பை (ஜி.பி.எஸ். கருவிக்கு வழி காட்டும் கோப்பு) இறக்கி அப்படியே ஓட்டிப் போகலாமா, என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

போகலாம். கிராவல் சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்ற இடம் அது. ஆனால் நடைபாதைக் கோப்பை அப்படியே பின்தொடராதீர்கள். ஃபிரேமில் இடம் இருந்தால் டயரை 42 அல்லது 45 மி.மீ.க்கு மாற்றிவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த நிலம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

கெர்சி என்று அழைக்கப்படும் இந்தப் பகுதி முழுக்க ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். உள்ளூரில் அதற்கு ‘கோஸ்’ என்று பெயர். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. லொத் ஆறும் அதன் துணையாறான செலேவும் இந்த மேட்டை அறுத்துக்கொண்டு, சுவர் போன்ற பாறைகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடுகின்றன. காவோரில் ஆற்றங்கரையின் உயரம் சுமார் 120 மீட்டர்தான். ஆகவே பள்ளத்தாக்கிலிருந்து மேலே போக ஒவ்வொரு முறையும் 150 முதல் 250 மீட்டர் ஏற வேண்டும். ஒரே ஏற்றம் பெரிதில்லை. ஒரே நாளில் மூன்று முறை ஏறி இறங்கினால்தான் கால் சொல்லும்.

மேட்டில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல் விரிசல்களில் இறங்கி நிலத்தடிக்குப் போய்விடுகிறது. மேலே ஓடை கிடையாது. அதனால் ஊர்களில் பெரும்பாலானவை ஆற்றோரத்திலும் பாறை விளிம்பிலும் அமைந்தன. மேலே ஆட்டுக் கிடைகள், குட்டை ஓக் மரங்கள், ஜூனிப்பர் புதர்கள், சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள். நல்ல மண்பாதைகள் எல்லாம் மேலே அந்தச் சுவர்களுக்கு நடுவில் ஓடுகின்றன. ரொட்டியும் தண்ணீரும் படுக்கையும் பெரும்பாலும் கீழே. ஆற்றை ஒட்டிய தரை குறுகலானது, அங்கே தார்ச்சாலைக்குத்தான் இடம். ஆகவே தினமும் எந்த மணிக்கு மேலே ஏறுகிறீர்கள், எந்த மணிக்குக் கீழே இறங்குகிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பதுதான் இங்கே திட்டமிடல். தூரம் இரண்டாம் பட்சம்.

சுற்றும் திசை முக்கியம். காவோரிலிருந்து முதலில் கிழக்கே ஆற்றோரமாகப் போய், செலே பள்ளத்தாக்கில் ஏறி ஃபிஜாக் நகரத்தை அடையுங்கள். அங்கிருந்து மேட்டுநிலம் வழியாக மேற்கே கஜார்க், லிமோஞ், காவோர் என்று திரும்புங்கள். முதல் இரண்டு நாள் பெரும்பாலும் சிறு தார்ச்சாலை என்பதால் பைகளின் கட்டு தளர்கிறதா, சீட் உயரம் சரியா, பிரேக் உரசுகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். கடினமான கல்பாதை அதற்குப் பிறகு வருகிறது. மேற்கு நோக்கிப் போகும்போது காலை வெயில் முதுகில் விழும், பாதையில் கிடக்கும் கல் நன்றாகத் தெரியும். கிராவலில் இது சின்ன விஷயமில்லை.

காவோரிலிருந்து ஆற்றின் வலக்கரையில் போகும் பெரிய சாலையைத் தவிருங்கள். வேர் கிராமம் வரை லாரி வரும், அதற்கப்பால் டி 662 சாலையில் கோடையில் கார்கள் அதிகம். இடக்கரையில் ஆர்காம்பால், பஸ்துரா பக்கமாகச் சிறு சாலைகளும் பண்ணைப்பாதைகளும் பூஸியெஸ் வரை கொண்டுபோய் விடும். பூஸியெஸிலிருந்து சான்-சிர்-லபோபி நோக்கி ஆற்றை ஒட்டி ஒரு பழைய இழுவைப்பாதை இருக்கிறது. படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த பாதை அது. சில நூறு மீட்டருக்குத் தலைக்கு மேலே பாறைக்கூரை தாழ்ந்து நிற்கும், ஆற்றுப் பக்கம் தடுப்பு இருக்காது, நடப்பவர்கள் நிறைய. அந்தப் பகுதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், சைக்கிள் ஆற்றுப் பக்கம், நீங்கள் பாறைப் பக்கம். பாறையில் செதுக்கிய நீண்ட புடைப்புச் சிற்பத்தையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்க்க முடியும். மீன், சிப்பி, நீர்ச்சுழல் என்று ஆறே கல்லில் பதிந்தது மாதிரி இருக்கும்.

சான்-சிர்-லபோபி ஆற்றுக்குமேல் ஏறத்தாழ 100 மீட்டர் உயரப் பாறையில் உட்கார்ந்திருக்கிறது. சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1951இல் இங்கே வீடு வாங்கினார். 2012இல் பிரெஞ்சு மக்கள் வாக்களித்து நாட்டின் விருப்பமான கிராமமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் விளைவு, காலை பதினொரு மணிக்கு மேல் தெருவில் சைக்கிளைத் தள்ளக்கூட இடம் இருக்காது. ஒன்பது மணிக்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் மாலை ஆறுக்குப் பிறகு. தெருக்கள் செங்குத்து, கல் பாவியவை. ஈரமாக இருந்தால் கிளீட் (பெடலில் மாட்டும் அடிக்கட்டை) போட்ட ஷூ வழுக்கும்.

பூஸியெஸுக்குத் திரும்பி வந்து பாலத்தைத் தாண்டினால் கோந்துஷே. செலே ஆறு லொத்தில் கலக்கும் இடம். அங்கிருந்து டி 41 என்ற சிறு சாலை செலேவை ஒட்டியே ஃபிஜாக் அருகில் வரை போகிறது, சுமார் 45 கி.மீ. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜி.ஆர். 651 என்ற நடைபாதையும் இதே பள்ளத்தாக்கில் போவதால், கிராவல் சைக்கிள்தானே என்று அதில் ஏறிவிடுகிறார்கள். அது பாறைமேல் ஏறுவதும் ஆற்றுக்கு இறங்குவதுமாக இருக்கும். படிபோன்ற கல், வேர், ஒற்றையடி. பை கட்டிய சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டிய இடங்கள் உண்டு. செலேவில் தார்ச்சாலையே அழகு, வண்டியும் குறைவு. அந்த நாளைச் சாலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை ஊர்களுக்குச் செலவிடுங்கள். மார்சியாக்கில் பாதி இடிந்து நிற்கும் பழைய மடாலயம், ப்ராங்கிலும் கப்ரரேயிலும் பாறைச்சுவரில் ஒட்டிக் கட்டிய, ‘ஆங்கிலேயர் கோட்டை’ என்று அழைக்கப்படும் ஒளிவிடங்கள், எஸ்பாஞாக்கில் மரச்சட்டமும் செங்கல்லும் கொண்டு கட்டிய மணிக்கூண்டு. எல்லாமே சாலையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்.

கப்ரரேக்கு மேலே பெஷ் மெர்ல் குகை. 1922இல் இரண்டு சிறுவர்கள் உள்ளே புகுந்து கண்டுபிடித்தார்கள். புள்ளிக் குதிரைகள் வரைந்த அந்தச் சுவர் இருபத்தையாயிரம் ஆண்டுகளுக்கும் பழையது. பிரான்ஸின் புகழ்பெற்ற ஓவியக் குகைகள் பலவற்றில் இப்போது நகலைத்தான் காட்டுகிறார்கள், இங்கே அசலையே பார்க்கலாம். அதனால்தான் நாளைக்கு 700 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். முன்பதிவு இல்லாமல் மேலே ஏறாதீர்கள். ஏற்றம் செங்குத்து, வியர்த்துக் கொட்டும். உள்ளே வெப்பநிலை 12 டிகிரிதான். உலர்ந்த சட்டையும் மெல்லிய ஜாக்கெட்டும் கைப்பையில் இருக்கட்டும், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

ஃபிஜாக்கில் ஒரு இரவு தங்குவது நல்லது. எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்பொலியோன் 1790இல் பிறந்த ஊர் அது; ரோசெட்டா கல்லின் பிரமாண்டமான நகல் ஒரு முற்றத்தின் தரையாகவே பதிக்கப்பட்டிருக்கிறது. சைக்கிள் கடை, பெரிய மளிகை, ரயில் நிலையம் எல்லாம் உண்டு. இதற்கு அடுத்து நம்பிப் போகக்கூடிய சைக்கிள் கடை காவோரில்தான். பிரேக் பேட், டயர், செயின் மூன்றையும் இங்கே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி மேட்டுநிலம். ஃபிஜாக்கிலிருந்து கஜார்க் வரை ஜி.ஆர். 65 யாத்ரீகர் பாதை சுமார் 31 கி.மீ. ல புய்யிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் பாதையின் ஒரு துண்டு இது. ஃபேசெல் கிராமத்திலிருந்து கஜார்க் வரையிலான பகுதியும், பின்னால் வரும் பாக் கிராமத்திலிருந்து காவோர் வரையிலான பகுதியும் 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அதாவது நீங்கள் ஓட்டும் பாதையே நினைவுச்சின்னம். இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கிரேயாலு அருகில் பாதையோரமாகவே ஒரு கற்கால டால்மென் (பெருங்கற்களால் அமைத்த கல்லறை) இருக்கிறது. அதுவரை பாதை நன்றாக ஓடும். கஜார்க்குக்கு இறங்கும் கடைசிப் பகுதி மட்டும் உதிரிக்கல் நிறைந்த செங்குத்து. அதை விட்டுவிட்டுச் சாலையில் இறங்குங்கள்.

கஜார்க்கில் ஆற்றைக் கடந்து மறுபடி ஏறினால் லிமோஞ் வரை சுமார் 18 கி.மீ. அங்கே கடையும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் உண்டு. லிமோஞ்சிலிருந்து வரேர், பாக் வழியாகக் காவோர் வரை ஏறக்குறைய 38 கி.மீ. இந்தக் கடைசி நாள்தான் முழுச் சுற்றின் சிறந்த கிராவல். ‘கமி ஃபெர்ரா’ என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பழம்பாதை, ரோமானியர் காலத்தது என்பார்கள், ஓக் காட்டுக்குள் நூல் பிடித்தது போல் நேராக ஓடுகிறது. வெள்ளை ஜல்லி, கெட்டியான தளம். ஆனால் பாக் தாண்டினால் காவோர் வரை 25 கி.மீ.க்கு மேல் பாதையில் கடையை நம்ப முடியாது. லிமோஞ்சில் தண்ணீர் நிரப்பாமல் கிளம்புபவர்கள் மதியம் தவித்துப்போவது இங்கேதான்.

தளங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, பண்ணை டிராக்டர் போகும் வெள்ளை ஜல்லிப்பாதை. பையோடு மணிக்கு 14, 15 கி.மீ. போகலாம், எந்த டயரும் போதும். இரண்டு, கல்சுவர்களுக்கு நடுவில் போகும் பழைய சந்து. சுவரிலிருந்து சரிந்த கற்கள் முஷ்டி அளவில் பாதையில் கிடக்கும். நடுவில் பாறையே தலை நீட்டும். இலையுதிர் காலத்தில் ஓக் இலைகள் அதையெல்லாம் மூடிவிடும். வேகம் மணிக்கு 8 கி.மீ.க்கு இறங்கும், 38 மி.மீ. டயரில் அதற்கும் கீழே. மூன்று, செம்மண். சுண்ணாம்புக்கல் கரைந்து மிஞ்சிய களிமண் இது, பள்ளங்களில் சேர்ந்து கிடக்கும். காய்ந்திருந்தால் பட்டுப்போல ஓடும். மழை பெய்த மறுநாள் டயரில் ஒட்டி, இலையையும் கல்லையும் சேர்த்து உருண்டு, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். டயருக்கு இருபுறமும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது இதற்காகத்தான். இறுகிய சேற்றோடு வலுக்கட்டாயமாக மிதித்தால் பின் டீரெய்லரை (கியர் மாற்றும் கருவி) இழுத்து, அதை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கரை உடைத்துவிடும். மழை நாளில் மேட்டைச் சாலையில் கடந்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டயர் விஷயத்தில் இந்த நிலத்தின் எதிரி முள்ளைவிடக் கல்தான். சுண்ணாம்புக்கல் உடைந்தால் கூரான விளிம்பு வரும், அது டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயரில் ஊற்றும் சீலன்ட் திரவம் தரைப்பக்க ஓட்டையை நன்றாக அடைக்கும். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிவதால் அங்கே சீலன்ட் உறைந்தாலும் பிளந்துவிடும். எனவே பக்கச்சுவருக்கும் பாதுகாப்பு அடுக்கு உள்ள டயரை வாங்குங்கள். 100 கிராம் எடை கூடினால் கூடட்டும். சீலன்ட் ஒரு டயருக்கு 60 முதல் 90 மில்லி. கிளம்புவதற்கு முந்தைய வாரம் புதிதாக ஊற்றுங்கள். பழையது உள்ளே காய்ந்து தோலாகிப் போயிருப்பது வெளியில் தெரியாது.

காற்று அளவுக்கு ஒரு தொடக்கப் புள்ளி: ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிளும் பையும் 20 கிலோ என்றால், 42 மி.மீ. டயரில் முன்னால் 2.0 பார், பின்னால் 2.3 பார். 38 மி.மீ. என்றால் 2.3, 2.6. இதற்குக் கீழே போனால் பிடிப்பு கூடும், ஆனால் சுமையோடு கல் விளிம்பில் விழும்போது ரிம்மே அடிபடும். மேலே போனால் சந்துகளில் சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளும்.

பழுதுபார்க்கும் பொருள்களில் இவை தவிர்க்க முடியாதவை: ட்யூப்லெஸ் ஓட்டைக்கான திரி, இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டு, பம்ப், பழைய டயரிலிருந்து வெட்டிய 3க்கு 5 செ.மீ. துண்டு, தடித்த ஊசி, நைலான் நூல். கிழிசல் 5 மி.மீ.க்குள் என்றால் திரி. அதைவிடப் பெரிது என்றால் டயரைக் கழற்றி, கிழிசலை நான்கைந்து தையல் போட்டு மூடி, உள்பக்கம் அந்தத் துண்டை வைத்து, ட்யூப் போட்டுக் காற்றடியுங்கள். ட்யூப் போடும் முன் டயரின் உள்பக்கம் முழுவதையும் துணியால் தடவிப் பாருங்கள். சீலன்ட் இதுவரை அடைத்து வைத்திருந்த முள் ஒன்றிரண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் போட்ட ட்யூப் நூறு மீட்டரில் போய்விடும். இதோடு உங்கள் ஃபிரேமுக்கென்றே உள்ள டீரெய்லர் ஹேங்கர் ஒன்று, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி இரண்டு. ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், ஃபிரான்ஸின் சிற்றூரில் அது கிடைக்காது. இலையுதிர் காலத்தில் வேலிகளை இயந்திரத்தால் வெட்டுவார்கள், அப்போது கருமுள் செடியின் துண்டுகள் சாலையில் சிதறும். அந்த இடத்தை இறங்கி நடந்து கடப்பது மலிவு.

கியர். இங்கே சாலை ஏற்றங்கள் 6 முதல் 8 சதவீதம், பழைய பாதைகளில் 12 சதவீதத் துண்டுகள் வரும். மொத்த எடை 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்றால் விகிதம் 0.95. நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 7.3 கி.மீ. அந்த வேகத்தில் 12 சதவீத ஜல்லி ஏற்றத்துக்கு ஏறக்குறைய 250 வாட் தேவை. பின்னால் 51 பல் இருந்தால் விகிதம் 0.78, அதே மிதிக்கு மணிக்கு 6 கி.மீ., சுமார் 205 வாட் போதும். பழக்கமான ஓட்டுநருக்கு இந்த 45 வாட் வித்தியாசம்தான் நாளின் மூன்றாவது ஏற்றத்தை மிதித்து ஏறுவதற்கும் தள்ளிக்கொண்டு போவதற்கும் இடையில் இருப்பது. இரட்டை முன்பல் வைத்திருப்பவர்களுக்கு 30க்கு 34, அதாவது 0.88, நல்ல நடுவழி. கேசட்டை (பின் பற்சக்கர அடுக்கு) மாற்றும்போது உங்கள் டீரெய்லர் தாங்கும் உச்சப் பல் எண்ணிக்கையைப் பாருங்கள், செயினையும் நீளமாக்க வேண்டியிருக்கும்.

பிரேக் பேடில் ரெசின் வகை ஈரச் சுண்ணாம்புச் சேற்றில் சீக்கிரம் தேயும். உரசும் பகுதி 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும். ஒரு மழைநாள் இறக்கமே அதைத் தின்றுவிடலாம். உங்கள் டிஸ்க் அனுமதித்தால் உலோகக் கலவை பேட் போடுங்கள், சத்தம் கொஞ்சம் வரும். எதுவானாலும் ஒரு ஜோடி கூடுதலாக வேண்டும். புதிய பேடைப் போட்டவுடன் மலை இறங்காதீர்கள். சமதளத்தில் இருபது முறையாவது வேகமெடுத்து மெல்ல அழுத்திக் குறைத்தால்தான் டிஸ்க்கில் படிந்து பிடிக்கும்.

பைகளைப் பொறுத்தவரை கனமானவை, அதாவது கருவி, பூட்டு, தண்ணீர், ஃபிரேமின் நடுவே இருக்கட்டும். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையில் துணி மட்டும். பக்கவாட்டுப் பெரிய பைகள் இந்தச் சந்துகளுக்குச் சரிவராது, சில இடங்களில் சுவருக்கும் புதருக்கும் இடையே ஒரு மீட்டர்தான் இருக்கும்.

இப்போது தண்ணீர், சாப்பாடு. 25 டிகிரி வெயிலில் மணிக்கு 600 முதல் 750 மில்லி குடிக்க வேண்டும். மேட்டில் நான்கு மணி நேரம் என்றால் 3 லிட்டர்: இரண்டு 750 மில்லி பாட்டில், 1.5 லிட்டர் மடிப்புப் பை. கிராமக் குழாயில் ‘ஓ போத்தாப்ல்’ என்று இருந்தால் குடிக்கலாம். ‘நோன் போத்தாப்ல்’ என்றோ, குறுக்குக் கோடு போட்ட டம்ளர் படமோ இருந்தால் கூடாது. பழைய சலவைக் குளங்களும் கால்நடைத் தொட்டிகளும் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குடிநீர் இல்லை. ஊரில் யாரும் கண்ணில் படவில்லையென்றால் கல்லறைத்தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிகளுக்காக அங்கே அநேகமாக ஒரு குழாய் இருக்கும், எச்சரிக்கைப் பலகை இல்லையென்றால் பெரும்பாலும் ஊரின் குடிநீர்க் குழாய்தான். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

கிராமத்துக் கடிகாரத்தை மதித்தே ஆக வேண்டும். கடைகள் பன்னிரண்டரைக்கு மூடினால் மூன்றரைக்கோ நான்குக்கோதான் திறக்கும். உணவகத்தில் மதியம் ஒன்றரைக்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும்; இரண்டு மணிக்குப் போய்க் கெஞ்சிப் பயனில்லை. பேக்கரிக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பல ஊர்களில் திங்கள். ஞாயிறு மதியத்துக்குமேல் எல்லாமே மூடியிருக்கும். ஆகவே காலை எட்டு மணிக்குப் பேக்கரியில் மதியத்துக்கும் சேர்த்து வாங்கிவிட்டு ஏறுங்கள். இந்தப் பக்கத்து ரொக்கமதூர் ஆட்டுப்பாலாடைக்கட்டி ஒவ்வொன்றும் 35 கிராம் வட்டு. உப்பும் கொழுப்பும் சேர்ந்தது, ரொட்டிக்குள் இரண்டு வைத்தால் பையில் நசுங்காத மதிய உணவு. வெயிலில் உருகும் என்பதால் காலை வாங்கியதை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். கெர்சி வாத்துக்கொழுப்பு நாடு. உருளைக்கிழங்கு வறுவலும் சாலட்டும்கூட வாத்தோடு வரும். யாத்ரீகர் விடுதியில் இடம் பதியும்போதே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வார்கள். வந்தபின் சொன்னால் பாலாடைக்கட்டியும் ரொட்டியும்தான்.

எந்தப் பாதையில் போகலாம் என்பதில் பிரெஞ்சுச் சட்டம் தெளிவு. ஊராட்சிக்குச் சொந்தமான கிராமப்பாதைகள் பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை, தனியாகத் தடை போடாதவரை சைக்கிளும் போகலாம். 1991ஆம் ஆண்டுச் சட்டம் காட்டில் தடுப்பது மோட்டார் வண்டிகளை. தனியார் நிலம் வேறு விஷயம்: எல்லை குறித்துப் பலகை வைத்த இடத்தில் நுழைந்தால் 2023 முதல் அபராதம் உண்டு. மேய்ச்சல் நிலத்தில் பாதையின் குறுக்கே மின்வேலி இருந்தால் பிளாஸ்டிக் கைப்பிடியைப் பிடித்துக் கழற்றிப் போய், உடனே மாட்டிவிடுங்கள். மூடியிருந்த கதவை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியும் விட்டுச் செல்லுங்கள். கல்சுவரில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். சாந்து இல்லாத சுவர் அது. ஒரு கல் நழுவினால் பின்னாலேயே ஒரு முழம் சரியும்.

செப்டம்பர் யாத்ரீகர் பாதையின் நெரிசல் மாதம். பின்னால் இருந்து வரும் நீங்கள் இருபது மீட்டர் முன்னாலேயே மணி அடித்து, ‘போன்ழூர்’ சொல்லி, நடையின் வேகத்துக்குக் குறைத்துக் கடக்க வேண்டும். பலர் வயதானவர்கள், காது மந்தம். சைக்கிளில் மணி இருப்பது சட்டப்படியும் கட்டாயம். இரவிலும் மூடுபனியிலும் முன்பின் விளக்கு எங்கும் கட்டாயம், ஊருக்கு வெளியே ஒளிரும் மேல்சட்டையும் கட்டாயம். செப்டம்பர் பிற்பகுதியில் பள்ளத்தாக்கில் காலை பத்து மணி வரைகூடப் பனி நிற்கும், ஆகவே இது ஏட்டுச் சட்டமில்லை. வேட்டைப் பருவமும் செப்டம்பரில் தொடங்குகிறது. ‘ஷாஸ் ஆன் கூர்’ என்ற பலகை பாதையில் இருந்தால் வேட்டை நடக்கிறது என்று பொருள். அந்தப் பாதையை விட்டு விலகிச் சாலைக்குப் போங்கள். ஆரஞ்சு நிறச் சட்டை போடுங்கள். காட்டுப்புறத்தில் உண்ணியும் உண்டு, மாலையில் முழங்கால் மடிப்பைப் பாருங்கள்; கடித்திருந்தால் அதற்கான கொக்கியால் திருகி எடுங்கள், எண்ணெயோ நெருப்போ வைக்க வேண்டாம்.

வரைபடத்துக்குப் பிரெஞ்சு அரசின் ஐ.ஜி.என். 1:25,000 அடுக்கைத் தொலைபேசியில் இணையமில்லாமலும் திறக்கும்படி இறக்கிக்கொள்ளுங்கள். செலே பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதில் முழுக் கறுப்புக் கோடு பண்ணைப்பாதை, பெரும்பாலும் ஓட்டலாம். விட்டு விட்டு வரும் கோடு ஒற்றையடி. அந்தக் கோடு உயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு பள்ளத்தாக்குச் சுவரில் இறங்கினால், அது கழுதைப்பாதை, சைக்கிள் உங்கள் தோளில் ஏறும். ஜி.ஆர். பாதைகளின் சிவப்பு வெள்ளைக் குறி நடப்பவர்களுக்கானது. முக்கோணமும் இரண்டு வட்டமும் சேர்ந்த குறிதான் மலைச் சைக்கிளுக்கு. ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மேட்டின்மேல் இருக்கும் வரை நடைபாதையைப் பின்தொடரலாம், அது பள்ளத்தாக்குக்குள் திரும்பும் கணத்தில் அருகிலுள்ள தார்ச்சாலையைத் தேடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே ஜி.பி.எக்ஸ். கோப்பின் தொல்லை முக்கால்வாசி தீரும்.

தினத் தூரம் 30 முதல் 55 கி.மீ., ஏற்றம் 800 முதல் 1,000 மீட்டர் என்று வையுங்கள். ஐந்து நாளை இப்படிப் பிரிக்கலாம்: காவோர் முதல் சான்-சிர்-லபோபி, அங்கிருந்து குகையைப் பார்த்துவிட்டு மார்சியாக், பிறகு ஃபிஜாக், பிறகு கஜார்க், கடைசியில் லிமோஞ் வழியாகக் காவோர். கடைசி நாள் மட்டும் நீளம், ஏறத்தாழ 56 கி.மீ.; எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும். முடியாது என்று தோன்றினால் நான்காம் நாளை லிமோஞ் வரை நீட்டிவிடுங்கள். அன்று முழுப் பாரமும் கூடினாலும் கடைசி நாள் லேசாகிவிடும்.

38 மி.மீ. டயரை மாற்ற முடியாது என்றால் அதிலும் முடிக்கலாம். கஜார்க்குக்கும் லிமோஞ்சுக்கும் இடையில் வரும் கல்சந்துகளை இணைச் சாலைகளில் கடந்துவிடுங்கள், கமி ஃபெர்ரா அந்த டயரிலேயே நன்றாக ஓடும்.

காவோரில் முடியும்போது ஜி.ஆர். 65 நகரத்தின் தென்கிழக்குக் குன்றிலிருந்து செங்குத்தாக ஆற்றுப் பாலத்துக்கு இறங்குகிறது. ஐந்து நாள் தேய்ந்த பேடோடு அதில் இறங்காமல் சாலையில் வாருங்கள். ரயில் நிலையம் நகரத்தின் மேற்குப் பக்கம், 1308இல் கட்டத் தொடங்கிய மூன்று கோபுர வாலாந்த்ரே பாலத்துக்குப் பக்கத்தில். பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து லிமோஜ் நகரம் (லிமோஞ் அல்ல) வழியாகத் துலூஸ் போகும் நீண்டதூர ரயில் இங்கே நிற்கிறது, பாரிஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் சைக்கிளுக்குத் தனி இடம் பதிய வேண்டும், இடங்கள் சில மட்டுமே. ஆகவே விடுதிகளுக்கு முன்னால் ரயிலில் சைக்கிள் இடத்தைப் பதியுங்கள், அந்தத் தேதிக்கு ஏற்ப விடுதிகளை அடுக்குங்கள். இடம் கிடைக்கவில்லையென்றால் சக்கரங்களைக் கழற்றி உறைக்குள் போட்டால் சாதாரணச் சாமானாக ஏற்றலாம். அதற்கு மடக்கி வைக்கக்கூடிய மெல்லிய உறை ஒன்றை ஆரம்பத்திலேயே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.